மதிப்பாய்வாளர் அறம்

ஆராய்ச்சிப் பத்திரிகைகளில் வெளிவரும் கட்டுரை அச்சேறுமுன் ஒரு சிறு நீதிமன்றத்தைக் கடந்து வருகின்றது. கட்டுரை எத்துறையைச் சார்ந்ததோ அத்துறையிற் பயின்றார் இருவர் மூவரிடம் பத்திராசிரியர் அதனை அனுப்புவார். அவர்கள் பெரும்பாலும் தம் பெயர் வெளிப்படாமல் இருந்து, அதனைப் படித்து, குணமுங் குற்றமும் எழுதி, ஏற்கலாம், திருத்தி ஏற்கலாம், ஏலாது என்னும் மூன்றனுள் ஒன்றைக் கூறுவர். இதற்கு மதிப்பாய்வு என்று பெயர், செய்வோர் மதிப்பாய்வாளர். இவர்க்குப் பெரும்பாலும் ஊதியமில்லை, புகழுமில்லை, அருகிருந்து மேற்பார்ப்பாரும் இல்லை. கூலியும் புகழும் கண்காணிப்பும் இல்லாத இடத்தில் ஒருவனை நெறிப்பட நிறுத்துவது அவனுடைய அறம் ஒன்றே. அவ்வறம் யாது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

இது முதியோர்க்கே உரிய பொருளென்று நம் மாணாக்கர் கருதுதல் வேண்டா. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்னும் சென்னை மேற்புறத்து ஊர்கள் முன்னே ஏரியும் வயலுமாய்ப் பொலிந்தவை. இன்று ஆலைகளும் கல்லூரிகளும் அங்கே நெருங்கி நிற்கின்றன. இக்கல்லூரிகளில் மேற்படிப்புப் படிப்போரை நோக்கி முதலிற் கேட்கப்படுவது, ‘கட்டுரை வெளியிட்டாயிற்றா?’ என்பதே. இன்று கட்டுரை அனுப்பும் மாணவரே நாளை ஆசிரியராகிப் பிறர் கட்டுரையை மதிப்பிடுவார். ஆகவே இவ்வறம் இருதலையும் தொட்டு நிற்பது.

நூலை அறிஞர் அவையில் ஆராய்ந்து ஏற்றுக் கொள்ளும் வழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. அதற்கு அரங்கேற்றம் என்று பெயர். பூவிருந்தவல்லிக்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார், தம் பெரியபுராணத்தைத் தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேற்றினார் என்பது மரபு. அதற்கும் பன்னூறாண்டுகட்கு முன்னர்த் தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்து, அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அந்நூலின் சிறப்புப் பாயிரம் கூறுகின்றது. அதங்கோட்டாசானே, நம் தமிழ் மரபு பெயர் சுட்டி அறியும் மிகப் பழைய மதிப்பாய்வாளர் எனலாம்.

அவரைப் பற்றி உரையாசிரியராகிய நச்சினார்க்கினியர் கூறும் வரலாறு ஒன்று நம் பொருட்கு மிக இன்றியமையாதது. அகத்தியனார்க்குத் தம் மாணாக்கராகிய தொல்காப்பியனார்மேல் வெகுளி உண்டாயிற்று. அதனால், தொல்காப்பியன் நூலைக் கேளாதே என்று அவர் அதங்கோட்டாசானைத் தடுத்தார். தொல்காப்பியனாரோ பன்முறை சென்று, தம் நூலைக் கேட்டருள வேண்டுமென்று வேண்டினார். இருவரிடையே அகப்பட்ட ஆசான், இருவரும் வெகுளாவாறு, நூலைக் கேட்டு அதற்குக் குற்றங் கூறி விட்டுவிடுவோம் என்று எண்ணினார். அங்ஙனமே வினாக்களைத் தொடுத்தார். அவ்வினாக்கள் எல்லாவற்றிற்கும் தொல்காப்பியனார் விடை கூறினார். நூல் குற்றமற்றதென நிலைபெற்றது.

இவ்வரலாறு நிகழ்ந்ததோ புனைந்ததோ என்னும் ஆராய்ச்சி ஈண்டு வேண்டா. மதிப்பாய்வாளர்க்கு நேரக்கூடிய இடர் முழுவதும் இதனுள் அடங்கியிருத்தல் காண்க. நூலைக் காணுமுன்னரே முடிவு செய்துகொள்ளுதல், பெரியார் ஒருவரின் வெறுப்புக்கு அஞ்சுதல், நூலின் தகுதியை விட்டுத் தமக்கு வரும் உறவும் பகையும் எண்ணுதல் ஆகிய மூன்றும் அங்கே இருந்தன. இருந்தும் நூல் பிழைத்தது. எதனால் பிழைத்தது? ஆசான் குற்றத்தைப் பொதுப்படக் கூறாது வினாவாகக் கூறினார். அவ்வினாவிற்கு விடையளிக்க நூலாசிரியர்க்கு உரிமை இருந்தது. இரண்டும் பலர் காணும் அவையில் நிகழ்ந்தன. காரணத்தோடு கூடிய வினா, மறுமொழி கூறும் உரிமை, காண்பார் கண் என்னும் இம்மூன்றுமே அக்காலத்துக் காவல்கள். இக்கால மதிப்பாய்வில் மூன்றாவதாகிய காவல் பெரும்பாலும் இல்லை. அது திரைமறைவில் நிகழ்வது. எனவே முன்னிரண்டும் முன்னையினும் உறுதியாக வேண்டப்படுகின்றன.

நிற்க, மேனாட்டில் இம்முறை வளர்ந்த வரலாற்றையும் சுருங்க நோக்குவோம். இலண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளராயிருந்த ஹென்றி ஓல்டன்பர்க் 1665-ஆம் ஆண்டில் ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கி, எதை அச்சிடலாம் என்பதைப் பெரிதும் தாமே தீர்மானித்து வந்தார். 1752-இல் அச்சங்கம் அப்பொறுப்பை ஒரு குழுவின் கையில் ஒப்புவித்தது. 1830-களில், துறை வல்லாரிடம் கட்டுரையை அனுப்பி எழுத்து வடிவில் அறிக்கை பெறும் வழக்கம் அங்கே வேரூன்றியது. ஆயினும் எல்லாப் பத்திரிகைகளும் இதனை விரைந்து கைக்கொள்ளவில்லை; புகழ்பெற்ற ‘நேச்சர்’ பத்திரிகை 1973-இலேதான் இதனை ஒழுங்கான விதியாக்கிக் கொண்டது. ஆகவே இன்று நாம் காணும் இம்முறை மனிதர் தம் பட்டறிவால் மெல்ல மெல்லச் சமைத்த ஒரு கருவி. கருவியின் பயன் அதைக் கையாள்வார் கையைப் பொறுத்தது.

இதன் தேவையை அறிய நம் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குச் சென்று பார்த்தாலே போதும். அங்கே கடைசல் எந்திரத்தில் ஓர் உறுப்பைக் கடைந்தவர், ‘அளவு சரியே’ என்று தாமே சொல்லிவிட்டால் அது வண்டியில் ஏறிவிடாது. வேறொருவர் அளவுகோல் கொண்டு அளந்து பார்ப்பார். அளப்பவர் கடைந்தவரின் பகைவருமல்லர், பங்காளியுமல்லர். அவர் அளவைத் தளர்த்தினால் பழுதுற்ற உறுப்பு எங்கோ ஒரு சாலையில் ஓர் உயிருக்கு ஊறு செய்யும். வேண்டுமென்றே கடுமை செய்தால் நல்ல உறுப்பும் குப்பையிற் போம். உழைத்தவன் கூலி இழப்பான். கட்டுரையின் நிலையும் இதுவே. மருந்தொன்றைப் பற்றிய பிழைபட்ட கட்டுரை அச்சேறின் அதனை நம்பிய மருத்துவர் வழியாக நோயாளி துன்புறுவார். நல்ல கட்டுரை மறுக்கப்படின் ஓர் இளைஞரின் பல்லாண்டு உழைப்பு வீணாகும்.

இனி மதிப்பாய்வாளரின் கடமைகளை ஒவ்வொன்றாகக் கூறுவோம்.

முதலாவது, தமக்குத் தெரிந்த பொருளையே ஏற்றல். அழைப்பு வந்தது பெருமையென்று கருதி, பயிலாத துறைக் கட்டுரையை வாங்கி வைத்துக்கொள்ளுதல் ஏமாற்றுதலாகும். பகுதி தெரிந்து பகுதி தெரியாதாயின், இன்ன பகுதியை யான் ஆராய வல்லேனல்லேன் என்று பத்திராசிரியர்க்கு எழுதிவிடுதல் வேண்டும். காலமும் அவ்வாறே. ஒப்புக்கொண்ட தவணைக்குள் முடிக்க இயலாதென்று தோன்றின் உடனே மறுத்துவிடுதல் நன்று. மேசைமேல் மாதக்கணக்காய் உறங்கும் கட்டுரையின் பின்னே, பட்டத்திற்கோ வேலைக்கோ காத்திருக்கும் ஒருவர் உளர் என்பதை மறவாதிருக்க வேண்டும்.

இரண்டாவது, தம் பற்றையும் பகையையும் முன்னரே அறிவித்தல். எழுதியவர் தம் மாணாக்கராகவோ, உடனுழைத்தவராகவோ, உறவினராகவோ, அதே பொருளில் தம்மோடு போட்டியிடுபவராகவோ இருக்கலாம். அங்ஙனமாயின் அதனை மறைக்காது கூறி, விலகுதலோ விலகாமையோ பத்திராசிரியர் முடிவுக்கு விடுதல் வேண்டும். திருவள்ளுவர் நடுவு நிலைமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். துலாக்கோலின் தட்டில் முன்னரே ஒரு கல் கிடப்பின், நிறுப்பவன் எத்துணை நல்லவனாயினும் நிறை பொய்யாகும். அதங்கோட்டாசான் தம் இக்கட்டை அவையில் முதலிலேயே கூறியிருப்பின், அவர் கேட்ட வினாக்களின் மதிப்பு இன்னும் உயர்ந்திருக்குமன்றோ?

மூன்றாவது, மறை காத்தல். மதிப்பாய்வுக்கு வந்த கட்டுரை அடைக்கலப் பொருள். அதிலுள்ள கருத்தைத் தம் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவதும், நண்பர்க்குக் காட்டுவதும், இசைவின்றித் தம் மாணவரிடம் கொடுத்து எழுதச் சொல்வதும் அடைக்கலத்தைக் கவர்தலேயாம். இதனினும் கொடியதும் நிகழ்ந்துள்ளது. அமெரிக்க நாட்டில் ஓர் உயர்ந்த மருத்துவப் பத்திரிகைக்கு மைக்கேல் டான்சிங்கர் என்பாரும் உடனுழைத்தாரும் அனுப்பிய கட்டுரை மறுக்கப்பட்டது. அதனை மதிப்பிட்டவரே அதைத் தம் பெயரால் வேறொரு பத்திரிகையில் வெளியிட்டு விட்டார். களவு வெளிப்பட்டு, அக்கட்டுரை 2016-இல் திரும்பப் பெறப்பட்டது. கவர்ந்தவரை நோக்கி டான்சிங்கர் எழுதிய வெளிப்படைக் கடிதத்தை அம்மருத்துவப் பத்திரிகையே வெளியிட்டது. இக்காலத்தில் இக்கடமைக்கு ஒரு புதிய கிளையும் தோன்றியுள்ளது. பிறர் கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவுப் பொறியில் இட்டு, அது கூறுவதைத் தம் கருத்தென அனுப்புவாரும் உளர். பொறியில் இட்ட பொருள் எங்கே சென்று தங்கும் என்பது இட்டவர்க்கே தெரியாது. இது குறித்தே, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 2023-இல், நிதி வேண்டி வரும் ஆராய்ச்சித் திட்டங்களை மதிப்பிடுவோர் அத்தகைய பொறிகளைப் பயன்படுத்தலாகாதென்று விலக்கியது.

நான்காவது, காரணங் காட்டி, இன்சொல்லால் உரைத்தல். நன்னூலார் நூலுக்குரிய எழுவகை மதங்களுள் பிறர் நூற்குற்றங் காட்டுதலையும் ஒன்றாக வைத்தார். அவரே நூற்குற்றம் பத்தென வகுத்தும் காட்டினார். குற்றங் கூறுவோன் இன்ன குற்றம் என்று பெயரிட்டு, இன்ன இடத்தில் என்று சுட்டவேண்டும் என்பது அவ்வகுப்பால் பெறப்படும். ‘கட்டுரை நன்றன்று’ என்னும் ஒருவரி அறிக்கையால் எழுதியவர்க்கும் பயனில்லை, பத்திராசிரியர்க்கும் பயனில்லை.

இக்கடமையைச் செவ்வனே ஆற்றியவர் ஒருவரை நம் நாட்டு வரலாற்றிலேயே காணலாம். 1907-இல் வி. இராமசுவாமி ஐயர் முயற்சியால் தோன்றிய இந்தியக் கணிதச் சங்கத்தின் பத்திரிகைக்கு, கும்பகோணத்தில் வளர்ந்து சென்னையில் வறுமையோடு போராடிக்கொண்டிருந்த இராமாநுஜன் என்னும் இளைஞர், பெர்னூலி எண்களைப் பற்றிய கட்டுரை ஒன்றை அனுப்பினார். பத்திராசிரியர் பெங்களூர் எம். டி. நாராயண ஐயங்கார். கட்டுரையின் வழி புதிது, நடையோ சுருக்கத்தால் இருண்டது, படிநிலைகள் விடப்பட்டிருந்தன, வழக்கமான வாசகர் அதனைப் பின்தொடர இயலாது. நாராயண ஐயங்கார் அதனைக் குப்பையிலிடவில்லை, உள்ளவாறே அச்சிடவுமில்லை. தெளிவு வேண்டுமிடங்களைக் காட்டி ஒரு முறைக்கு மேல் திருப்பியனுப்பித் திருத்துவித்தார். 1911-இல் அக்கட்டுரை வெளிவந்தது. பட்டமில்லாத ஓர் இளைஞரின் பெயர் கணிதவுலகில் முதன்முதல் ஊன்றி நின்றது இவ்வாறே.

பின்னர் இராமாநுஜன் இங்கிலாந்துப் பேராசிரியர்களுக்கு எழுதினார். இருவர் அவர் தாள்களை ஒரு சொல்லும் எழுதாமல் திருப்பிவிட்டனர் என்பர். 1913-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்துக் கடிதம் ஹார்டியின் கைக்கு எட்டியது. சென்னைத் துறைமுகக் கழகத்து எழுத்தர் ஒருவர் எழுதியதென்று அவர் அதனை ஒதுக்கவில்லை. லிட்டில்வுட்டோடு அமர்ந்து ஆராய்ந்தார். முன்னரே அறியப்பட்டவை இவை, புதியனவும் சுவையுடையனவும் இவை, புதியனவும் சிறந்தனவும் இவை என வகுத்து மறுமொழி விடுத்து, நிறுவல்களை அனுப்புமாறு வேண்டினார். எழுதியவர் யார் என்பதை விட்டு எழுதியது யாது என்பதை நோக்குதல், வியப்பிலும் நிறுவலைக் கேட்டல் என்னும் இரண்டும் அவ்வொரு மறுமொழியில் அமைந்துள்ளன. 1918-இல் இராமாநுஜன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார்.

ஐந்தாவது, தமக்கு உடன்பாடில்லை என்பதனால் மறுக்காமை. இதுவே அனைத்தினும் அரிய கடமை. இதற்கு நாம் காட்டும் சான்றும் சென்னையோடு தொடர்புடையதே. சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், எரிபொருள் தீர்ந்த விண்மீன் குளிர்ந்து சுருங்கி வெண்குறுமீனாவதற்கு ஓர் எடையெல்லை உண்டு என்று கணித்தார். 1935-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் நாள் இலண்டன் வானூற் சங்கத்தில் அதனை எடுத்துரைத்தார். அவரைத் தொடர்ந்து எழுந்த பேரறிஞர் எடிங்டன், அக்கருத்தை அவையோர் நகைக்குமாறு இகழ்ந்துரைத்தார். அதற்கு முந்திய மாதங்களில் எடிங்டன் அவ்விளைஞரின் கணக்குகளை அருகிருந்து கேட்டறிந்தவர். தமக்கு மறுப்புண்டு என்பதை அப்போது வெளியிட்டாரில்லை. இளைஞர்க்கு விடைகூற ஆயத்தமாகும் வாய்ப்பே இல்லாது போயிற்று. எல்லை உண்மையென்பதைப் பின்னர் உலகம் ஏற்றது. 1983-இல் நோபெல் பரிசும் வந்தது. ஆயினும் இடைப்பட்ட ஆண்டுகளில் அத்துறை தளர்ந்தே நடந்தது.

அச்சந்திரசேகர் 1952 முதல் 1971 வரை அமெரிக்க வானியற்பியல் பத்திரிகை ஒன்றின் ஆசிரியராயிருந்தார். 1958-இல் யூஜின் பார்க்கர் என்னும் இளைஞர் அதற்கொரு கட்டுரை அனுப்பினார். கதிரவனிடமிருந்து மின்னூட்டத் துகள்கள் பெருவேகத்தில் எத்திசையும் ஓயாது வீசிக்கொண்டிருக்கும் என்பது அதன் முடிபு. துறையிற் சிறந்த மதிப்பாய்வாளர் இருவர் அஃது ஒவ்வாதென்று எழுதினர். சந்திரசேகருக்கே அக்கருத்தில் உடன்பாடில்லை. ஆயினும் கணக்கிற் பிழை இன்னதென்று மதிப்பாய்வாளர் எவரும் காட்டவில்லை, தாமும் காணவில்லை. ஆதலின் அதனை அச்சிட்டார். 1962-இல் மரைனர் 2 என்னும் விண்கலம் வெள்ளிக் கோளை நோக்கிச் செல்லும் வழியில் அக்கதிரவக் காற்றை அளந்து உறுதி செய்தது. 2018-இல் கதிரவனை நோக்கி ஏவப்பட்ட கலத்திற்குப் பார்க்கர் பெயரே இடப்பட்டது. தமக்கு நேர்ந்ததைப் பிறர்க்கு நேரவிடாமை அன்றோ சான்றாண்மை! ‘எனக்கு உடன்பாடில்லை’ என்பது வேறு, ‘இது பிழை’ என்பது வேறு. இவ்வேறுபாட்டை அறியாதவர் மதிப்பாய்வு செய்யத் தகாதவர். மேலும், மதிப்பாய்வாளர் கூறுவது ஆலோசனையே. தீர்ப்பும் அதன் பொறுப்பும் பத்திராசிரியருடையன என்பதும் இதனால் விளங்கும்.

எழுதுவோர்க்கும் கடமை உண்டு. 1936-இல் ஐன்ஸ்டைன் தம் உடனுழைப்பாளர் ஒருவரோடு எழுதிய ஈர்ப்பலைகளைப் பற்றிய கட்டுரையை ஓர் அமெரிக்கப் பத்திரிகை மதிப்பாய்வுக்கு அனுப்பியது. தம் இசைவின்றிப் பிறர்க்குக் காட்டியதாகச் சினந்து அவர் அதனை மீட்டுக்கொண்டார். மதிப்பாய்வாளர் சுட்டிய தவறோ மெய்யான தவறு. பின்னர் முடிபு திருத்தப்பட்டே அக்கட்டுரை 1937-இல் வேறிடத்தில் வெளிவந்தது. ஐன்ஸ்டைனுக்கும் பிறர் கண் வேண்டியிருந்தது எனின், நம்மனோர்க்கு வேண்டாவோ? இதற்கு மறுதலையாக, மதிப்பாய்வாளர் என்று பொய்ப்பெயரும் பொய் முகவரியும் தந்து, தம் கட்டுரையைத் தாமே புகழ்ந்தெழுதும் சூழ்ச்சியும் உலகில் தோன்றியுள்ளது. புற்றுநோய் ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்று 2017-இல் இத்தகைய குற்றத்தால் 107 கட்டுரைகளை ஒருங்கே திரும்பப் பெற்றது.

நம் நாட்டு நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆசிரியர்தம் பதவி உயர்வுக்குக் கட்டுரைகள் எண்ணப்படுகின்றன. எண்ணிக்கை பெருகவே, பணம் பெற்றுக்கொண்டு எதனையும் சில நாட்களில் அச்சிடும் போலிப் பத்திரிகைகளும் பெருகின. அவற்றில் மதிப்பாய்வு என்பது பெயரளவே. பல்கலைக்கழக மானியக் குழு 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் தன் ஒப்புதற் பட்டியினின்று 4,305 பத்திரிகைகளை நீக்கியது. அதன்பின் ‘கேர்’ என்னும் புதுப்பட்டியை வகுத்தது. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதனையும் கைவிட்டு, பத்திரிகையின் தகுதியைக் கல்வி நிலையங்களே ஆராய்ந்து துணிக என்று சில அளவைகளை மட்டும் வெளியிட்டது. இனி, பட்டியில் உளதா என்று பார்த்துவிட்டு ஓய்ந்திருத்தல் இயலாது. ஆராயும் பொறுப்பு நம் தலைமேலேயே வந்துள்ளது.

ஆகவே மாணாக்கர் கட்டுரை அனுப்புமுன் சிலவற்றை வினவுவாராக. பத்திராசிரியர் குழுவினர் யாவர்? அவர்கள் உண்மையில் அப்பணி செய்கின்றனரா? முன்னர் வந்த கட்டுரைகள் படிக்கத் தக்கனவா? மதிப்பாய்வு எவ்வாறு நடைபெறும் என்று தெளிவாகக் கூறியுள்ளனரா? கட்டணம் உண்டாயின் முன்னரே வெளிப்படையாக அறிவித்துள்ளனரா? இரண்டு மூன்று நாட்களில் ஏற்பதாக உறுதி கூறுகின்றனரா? கடைசி வினாவிற்கு ‘ஆம்’ என்பது விடையாயின், அப்பத்திரிகையை விட்டு விலகுதலே தக்கது. பெற்றோர் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பொருளை அங்கே கொட்டிப் பெறுவது அச்சிட்ட தாளேயன்றி அறிவன்று. அத்தாள் பின்னர் அம்மாணவர் பெயருக்கே மாசாய் நிற்பதும் உண்டு.

மதிப்பாய்வுக் கலையைக் கல்லூரியிலேயே பயிலத் தொடங்கலாம். இருவர் தம் கட்டுரைகளை மாற்றிக்கொண்டு படிப்பாராக. ஆசிரியர் கூற வந்தது யாது என்று முதலில் மூன்று வரியில் எழுதுக; அதனைச் சரியாக எழுத இயலாதவர்க்குக் குற்றங் கூறும் உரிமை இல்லை. அடுத்து, கூறியதற்குக் காட்டிய சான்று போதுமா என்று எழுதுக. இறுதியில், குறை இன்ன இடத்தில் உளது, இன்னவாறு திருத்தலாம் என்று எழுதுக. எழுதியதன்கீழ்த் தம் பெயரை இடுக. பெயரிட்டு எழுத நாணும் சொல்லைப் பெயர் மறைத்தும் எழுதாதிருத்தல், பின்னாளில் திரைக்குப்பின் அமரும்போது அவரைக் காக்கும் நல்வழக்கமாம்.

அறிவுலகம் ஒருவரையொருவர் நேரிற் காணாதார் பலர் கூடிக் கட்டும் மாளிகை. ஒருவர் அடுக்கிய செங்கல்லின்மேல் மற்றொருவர் நம்பி அடுக்குகின்றார். இடையிலே நின்று கல்லைத் தட்டிப் பார்ப்பவரே மதிப்பாய்வாளர். அவர் பெயர் எந்தச் சுவரிலும் பொறிக்கப்படாது. மாளிகை நிற்பதே அவர் புகழ். நம் கல்லூரியினின்று வெளிச்செல்லும் இளைஞர் எழுதுவாருள்ளும் சிறந்து, ஆராய்வாருள்ளும் நடுநின்று, இக்கண்காணாத் தொண்டைக் கண்ணுங் கருத்துமாய் ஆற்றுவாராக.